கவுண்டரில் நான் சொல்லாதது

செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நன்றாக இருந்த செட்டுகளைக் கெட்டுப்போனதாகச் சொல்லிக் காசு வாங்கியிருக்கிறேன். ஏதோ ஒரு நாள் கைதவறிச் செய்ததல்ல, சில வருஷம் என் கடையில் அதுவே வழக்கமாக இருந்தது.

"போன் ரொம்ப ஹேங் ஆகுதுண்ணே" என்று ஒருவர் வருவார். அவர் கண்ணெதிரே ஆஃப் செய்து ஆன் செய்வேன். பின் நம்பரை அவரையே போடச் சொல்வேன். ஹோம் ஸ்கிரீன் வந்த கையோடு வாட்ஸ்அப்பைத் தொடுவேன். வெறும் வெள்ளைத் திரை நிற்கும். அது திறப்பதற்குள் கேமரா, அதற்குள் யூடியூப். எல்லாம் திணறும். கீபோர்டு மேலே வரவே நேரமாகும். செட்டின் முதுகு இளஞ்சூடாகும். தொட்டுப் பார்க்கச் சொல்வேன். "இப்பதான் ஆன் பண்ணிருக்கோம், உள்ள ஒண்ணுமே ஓடல, அதுக்கே இப்படின்னா பாத்துக்குங்க" என்பேன். முகம் வாடிவிடும். சாஃப்ட்வேர் போட ஐந்நூறு ரூபாய் கேட்பேன், கொஞ்சம் வசதியானவர் என்றால் எக்ஸ்சேஞ்சில் புது செட் எடுக்கச் சொல்வேன்.

உள்ளே ஒன்றுமே ஓடவில்லை என்றேனே, அதுதான் பொய். ஆன் ஆன அந்தச் சில நிமிடங்களில்தான் செட்டுக்கு வேலை அதிகம். அணைத்ததும் ரேமில் இருந்ததெல்லாம் போய்விடுகிறது. மறுபடி எல்லாவற்றையும் ஸ்டோரேஜிலிருந்து படித்து ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டு 7 வந்த 2016க்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்தது. முதல் தடவை பின் நம்பர் போடும்வரை நம் சொந்தத் தகவல்கள் பூட்டியே இருக்கும். ரீஸ்டார்ட் ஆகி, பின் போடாமல் வைத்திருக்கும் செட்டுக்கு அழைப்பு வந்தால், சேமித்து வைத்த ஆளாக இருந்தாலும் பெயர் வராது, நம்பர்தான் வரும். காண்டாக்ட்ஸே பூட்டுக்குள் இருப்பதுதான் காரணம். பின் போட்டதும் பூட்டு திறக்கும், போன் ஆன் ஆகிவிட்டது என்ற அறிவிப்பு ஆப்களுக்குப் போகும். மெயில், மெசேஜ், அலாரம், போட்டோ பேக்கப், பிளே ஸ்டோர் என்று ஆளாளுக்கு எழுந்து ஒரே நேரத்தில் ஸ்டோரேஜைக் கேட்கும். கல்யாண மண்டபத்தில் பந்திக் கதவு திறந்த நேரம் மாதிரி. விலை குறைந்த செட்டுகளில் இஎம்எம்சி என்ற மெதுவான ஸ்டோரேஜ்தான் இருக்கும், அதுவும் நிரம்பியிருந்தால் இன்னும் இழுக்கும். சிஸ்டம் அப்டேட் போட்ட பிறகு நடக்கும் ரீஸ்டார்ட் என்றால், ஆப்களை இந்த செட்டுக்கு ஏற்ப மறுபடி தயார்செய்யும் வேலையும் சேர்ந்துகொள்ளும். எங்கேயும் கோளாறு இல்லை. விட்டால் தானாக அடங்கிவிடும்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் தொழில் கற்றபோது எனக்கு இது தெரியாது. டிஸ்பிளே மாற்றவும் சார்ஜிங் பின் வைக்கவும்தான் கற்றேன். பிறகு ஒரு நாள், ரீசெட் போட வாங்கி வைத்த செட்டை ஆன் செய்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து எடுத்தால் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நான் கை வைக்கவே இல்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன், காரணம் புரிந்தது. மறுநாள் அந்த செட்டுக்காரர் வந்தபோது, சாஃப்ட்வேர் போட்டாச்சு என்று சொல்லி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டேன். அதுவரை செய்ததை அறியாமை என்று சொல்லலாம். அதற்குப் பிறகு செய்ததை ஏமாற்று என்று மட்டும்தான் சொல்ல முடியும்.

2017 டிசம்பரில், பேட்டரி தேய்ந்த ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக ஆப்பிள் ஒப்புக்கொண்டது. அந்தச் செய்தி எனக்குக் கைகொடுத்தது. "கம்பெனிக்காரனே ஸ்லோ பண்றான்" என்ற நினைப்போடுதான் ஆட்கள் வந்தார்கள், நான் தலையை மட்டும் ஆட்டினால் போதும். வாங்கியவர்களிடம் அதைச் சொல்லாமல் மறைத்ததற்காக 2020இல் பிரான்ஸ் அந்த நிறுவனத்துக்கு 2.5 கோடி யூரோ அபராதம் போட்டது. படித்தபோது எனக்கு உள்ளே குத்தியது. அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை.

நிறுத்த வைத்தவர் ஜாக்கெட் தைக்கும் ஓர் அக்கா. பஸ்ஸில் வரும்போது சிக்னல் இல்லையென்று ரீஸ்டார்ட் செய்தேன், அதிலிருந்து ஒன்றும் திறக்கவில்லை என்றார். அந்த ஒரு பேச்சிலேயே எனக்கு விஷயம் முழுசும் தெரிந்துவிட்டது. பத்து நிமிஷம் உட்காருங்கக்கா என்று சொன்னால் முடிந்தது. ரீசெட் போடணும் என்றேன்.

"உள்ள இருக்கிறதெல்லாம் போயிடாதே தம்பி?"

"எல்லாம் கூகுள்ல இருக்கும்க்கா."

காண்டாக்ட்ஸ் இருந்தது. போட்டோ பேக்கப் ஆஃபில் கிடந்ததை நான் பார்க்கவில்லை. ஒவ்வொரு வாடிக்கையாளரின் அளவையும் நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வைத்திருந்தார். கூடவே அவர்கள் கேட்ட கழுத்து டிசைன்கள், ஆரி வேலை மாதிரிகள். நோட்டு மழையில் நனைந்து போனதால் படங்கள் மட்டும்தான் மிச்சம் என்று பிறகு சொன்னார். முன்பெல்லாம் மெமரி கார்டில் அழிந்த படத்தை மீட்டுத் தருவோம். இப்போதைய செட்டில் ரீசெட் அடித்தால் தகவலைத் திறக்கும் சாவியே அழிந்துவிடுகிறது. எந்த சாஃப்ட்வேரைப் போட்டாலும் ஒன்றும் வராது.

முகூர்த்த மாசம் அது. ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, அளவு ஜாக்கெட் மறுபடி கொடுத்தனுப்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். என்னிடம் வந்து கேட்டபோது, "செட் பழசுக்கா, அதான்" என்றேன். அதை அவர் நம்பினார். அடுத்த மாசம் ரீசார்ஜ் செய்ய வந்தவர், "ஆனா இப்ப போன் நல்லா ஓடுது தம்பி" என்றார். எனக்கு நன்றி சொல்லும் குரலில் சொன்னார்.

அதோடு நிறுத்தினேன். இப்போது யாராவது ஸ்லோ என்று வந்தால், எப்போது ரீஸ்டார்ட் செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். உட்கார வைக்கிறேன். அரைமணி கழித்தும் திணறினால் ஸ்டோரேஜையும் பேட்டரியையும் பார்க்கிறேன். வெறுமனே பார்த்ததற்குக் காசு வாங்குவதில்லை. பழைய பில் புத்தகத்தில் நம்பர் இருந்தவர்களில் சிலரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஒருவர் திட்டினார். ஒருவர் வாங்கிக்கொண்டு பேசாமல் போனார். எக்ஸ்சேஞ்சில் நல்ல செட்டைக் கொடுத்துவிட்டுத் தவணையில் புதுசு வாங்கியவர்களுக்கு என்ன செய்வது என்று இன்னும் எனக்கு வழி தெரியவில்லை.

அந்த அக்காவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. அவர் கடை இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. வேறு யாரோ இதைப் படித்துவிட்டுப் போய் அவரிடம் சொல்லும்படி விடக் கூடாது. இது அச்சாகும் முன்பே நான் போயாக வேண்டும்.