பின்னால் நடக்கிற வேலை

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மலையில் நடக்கக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் போவதற்கே தினமும் மழைநீர் ஓடுகிற கானைத் தாண்டி, குறுக்குப் பாதையில் ஏறி இறங்குகிறவர்கள். ஆகஸ்ட் விடுமுறையில் பத்தாம், பதினோராம் தரத்துப் பிள்ளைகளை அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை, எல்ல, தெமோதரை, நமுனுகுல, பசறை என்று சுற்றிப் பதுளை வரை நடத்திக் கூட்டிவருகிற எனக்கு, அவர்களுடைய கால்களைப் பற்றிக் கவலையே கிடையாது. கவலையெல்லாம் நாக்கைப் பற்றித்தான். தேயிலை மலைக்குள் வேலையில்லாமல் நடக்கிறவனிடம் "எங்க போறீங்க? யாரப் பாக்க?" என்று யாராவது கேட்டே தீருவார்கள். டவுன் பிள்ளை சிரித்துக்கொண்டே பதில் சொல்லும். நம் பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். அதனால் தோட்ட நிர்வாகத்திடம் வாங்கிய அனுமதிக் கடிதம் என் பையில் இருக்காது. அன்றைக்கு வழிநடத்துகிற பிள்ளையின் பையில்தான் இருக்கும்.

நான் கடைசி ஆளாக நடப்பேன். ஆக மெதுவாக நடக்கிற பிள்ளை முன்னால். வேகக்காரப் பையன்களுக்கு இது முதல் நாள் பெரிய அவமானம். முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள், வரட்டும். பின்னால் இருந்தால்தான் குதிகால்கள் தெரியும். ஒரு பிள்ளை பாதத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்க ஆரம்பித்தால் சப்பாத்து எங்கேயோ கடிக்கிறது. கேட்டால் "ஒண்ணுமில்ல சேர்" என்றுதான் பதில் வரும். அங்கேயே உட்காரவைத்து, தோல் சிவந்திருக்கும்போதே பிளாஸ்டர் ஒட்டிவிட வேண்டும். கொப்புளம் வந்தபிறகு ஒட்டிப் பயனில்லை.

வரைபடமும் பிள்ளைகளிடம்தான். நில அளவைத் திணைக்களத்தின் 1:50,000 தாள். இரண்டு சென்டிமீற்றர் ஒரு கிலோமீற்றர். ஒருமுறை தம்பேதன்னவுக்குக் கீழே பாதை இரண்டாகப் பிரிந்த இடத்தில் எல்லோரும் நின்றுவிட்டார்கள். தாளில் இருந்ததோ ஒரே கோடு. வலப்பக்கம் அகலமாக, சுத்தமாக இருந்ததால் பையன்களுக்கு அதுதான் பாதை. அதுவரை வாயே திறக்காத ஒரு பெண்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இது கானுடா. ஒரே மட்டமா ஓடினா கான். பாதைன்னா எங்கயாவது ஏறணும்ல?" சமவுயரக் கோடுகள் மேல் விரலை வைத்துப் பார்த்தார்கள்; தாளில் உள்ள பாதை அவற்றை வெட்டிக்கொண்டு ஏறியது. நான் கல்லில் உட்கார்ந்து சாயத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். விடை தெரிந்தும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் இந்த வேலையில் எனக்கு ஆகக் கடினம். இன்னும் கைவந்தபாடில்லை.

சில இடங்களில் மட்டும் பேசாமல் இருக்க முடியாது. தேயிலை மலைக்குக் கீழே ஓடுகிற தண்ணீரைப் பிடிக்க விடமாட்டேன். மேலே என்ன மருந்து அடித்தார்களோ. தேயிலைக்கு மேலே காட்டுத் துண்டிலிருந்து வருகிற பீலித் தண்ணீர் கிடைக்கும்வரை தாகத்தோடு நடக்க வேண்டும், அதையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்க வேண்டும். குளவிக் கூடு கண்ணில் பட்டால் சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பிவிடுவோம். காச்சான் காற்று அடிக்கிற ஆகஸ்டில் மானாப்புல்லுக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டவே கூடாது. தெமோதரையில் ரயில் ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டு, மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்தால் போவதைப் பார்க்க எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கலாம். ஆனால் தண்டவாளத்தில் நடக்கக் கூடாது, சுற்றுலாக்காரர்கள் எத்தனை பேர் நடந்தாலும் சரி.

இரவில் கூடாரம் இல்லை. பள்ளிக்கூட மண்டபம், இல்லாவிட்டால் கோயில் மடம். "பொம்பளப் புள்ளைய ராவுல எங்க சேர் படுக்க வைப்பீங்க?" என்று கேட்கிற தாய்க்கு ஓர் ஆசிரியையையும் ஒரு கட்டடத்தையும் காட்ட முடிய வேண்டும். அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள சரிவையும் பிள்ளைகள் சுற்றிப் பார்த்து வருவார்கள்: நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாகக் கசிகிற கலங்கல் தண்ணீர். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தவில் லயங்களை மண் மூடியது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். காரணம் சொல்லாமலே பார்க்கப் போவார்கள்.

இப்போது பீக்கோ ட்ரெயில் என்று கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் ஒரு நடைபாதை இருக்கிறது. பெரும்பகுதி பழைய தோட்டப் பாதைகள்தான். வெள்ளைக்காரர்கள் நடப்பதைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். தாங்களும் நடக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றுவதில்லை. 2023-இல் மலையக மக்கள் இங்கே வந்து இருநூறு ஆண்டானதை நினைவுகூர்ந்த 'மலையகம் 200'ஐ ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு முன்னோர் வந்த வழியே நடந்தார்களே, அதைச் சொன்னால் கொஞ்சம் நிமிர்வார்கள். இன்னும் நிமிர்ந்தது வெளிநாட்டு முகாம் ஒன்றின் படத்தைப் பார்த்து. 1893-இல் தொடங்கிய கீவேடின் என்ற முகாம், கனடாவின் டெமகாமி ஏரியிலிருந்து பதின்ம வயதினரை வாரக்கணக்கில் வள்ளத்தில் அனுப்புகிறது, வடக்கே ஹட்சன் குடா வரைக்கும்கூட. நீர்வீழ்ச்சி குறுக்கிட்டால் கரையேறி, சாமான் பெட்டியை முதுகில் ஏற்றி, தோல் வாரைத் தலையில் மாட்டிச் சுமப்பார்கள். அதைப் பார்த்ததும் ஒரு பையன், "எங்க அம்மாயி கொழுந்துக்கூடை கட்டுற மாதிரியே இருக்கு" என்றான்.

அடுத்த நடைக்கு அந்த அம்மாயியைக் கூப்பிட்டோம். அரிசி மூட்டையில் கயிற்றைக் கட்டி, படங்குத் துண்டை மடித்துத் தலையில் வைத்துக் காட்டினார். "நெத்தியில மாட்டாத தம்பி, கழுத்து போயிரும். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால. கீழ பாத்து நட." பெண்பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். பையன்கள் இரண்டு பேர் மூட்டையோடு உருண்டார்கள்.

பசறை வந்ததும் ஒரு சண்டை நிச்சயம். அங்கிருந்து பதுளைக்கு பஸ் இருக்கிறது. மீதியையும் நடப்பதா, ஏறிவிடுவதா என்பதை அவர்களே கைதூக்கி முடிவெடுக்க வேண்டும். எனக்கு வாக்கு இல்லை. பெரும்பாலும் பஸ்தான் ஜெயிக்கிறது.