இரும்புக் கட்டில்

பழைய இரும்புக் கட்டிலை இந்த வெள்ளைக்காரர் ஏன் இவ்வளவு காசு குடுத்து வாங்குகிறார்கள் என்று நம்மவர்கள் கனபேர் கேட்டிருக்கிறார்கள். "உது ஆசுப்பத்திரிக் கட்டிலெல்லோ?" என்று ஒரு சிரிப்பும் வரும். கேள்வி பிழையில்லை. அதன் சரித்திரத்தில் பாதி ஆசுப்பத்திரியும் பட்டாளமும்தான்.

நான் பர்மிங்காமில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் உலோகக் கட்டில் தொழிலுக்கு இந்த ஊர்தான் தலைமை. 1851 இல் லண்டன் ஹைட் பார்க்கில் நடந்த மாபெரும் கண்காட்சியில் இங்கத்தைய வின்ஃபீல்ட் கம்பனியின் பித்தளைக் கட்டிலும் காட்சிக்கு இருந்தது. பித்தளை வசதியானவர்களுக்கு. இரும்பு மற்ற எல்லோருக்கும்.

இந்தக் கட்டில் பெருகியதற்கு முக்கிய காரணம் வடிவு அல்ல, மூட்டைப்பூச்சி! மரக்கட்டிலின் வெடிப்புகளிலும் பொருத்துகளிலும் அது குடியிருக்கும். இரும்பில் ஒளிக்க இடம் குறைவு, கழுவித் துடைக்கவும் சுகம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859 இல் வெளியான தன் தாதியர் குறிப்புகளில் நோயாளிக்கு இரும்புக் கட்டிலைத்தான் சொன்னார். மெத்தைக்கு அடியாலும் காற்றுப் போய்வர வேண்டும் என்பது அவர் வாதம். முதலாம் உலகப் போருக்குப் பிறகு மரக்கட்டில் திரும்பவும் நாகரிகமாகி, இரும்பு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போனது.

வேலைப்பாட்டைப் பாருங்கள். கம்பிகள் சந்திக்கும் இடத்தில் அச்சைப் பூட்டி, உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். பூப்போல, சங்குபோலத் தெரிகிற அந்த முடிச்சுகள் அலங்காரத்துக்கு மட்டும் வைத்ததல்ல, கட்டிலைப் பிடித்திருக்கிற பொருத்தே அதுதான். பக்கச் சட்டத்தின் முனை ஆப்புப்போல ஒடுங்கி, காலில் உள்ள காடிக்குள் இறங்கும். ஆணியும் இல்லை, நட்டும் இல்லை. ஆள் படுக்கப் படுக்க இறுகும். கழற்றவேணுமென்றால் கீழிருந்து சுத்தியலால் இரண்டு தட்டு. கட்டில் நாலு துண்டு.

அந்த நாலு துண்டின் அருமை எனக்கு ஊரிலேயே தெரியும். 1990 இல் சண்டை திரும்பத் தொடங்கிக் குண்டுவீச்சு வந்தபோது மாமா வளவில் பங்கர் வெட்டினார். மேலே போடப் பனங்குற்றி காணவில்லை. "கட்டிலைக் கழட்டு" என்று சொன்னது அம்மம்மாதான். அவவின் கலியாணக் கட்டில் அது. இரண்டு பக்கச் சட்டமும் பங்கருக்குத் தீராந்தியாகப் போக, அவ நிலத்தில் பாய் போட்டுப் படுத்தா. 1995 ஒக்ரோபர் 30 இரவு எல்லாரோடும் சேர்ந்து நாங்களும் வெளிக்கிட்டோம். அடுத்த வருசம் திரும்பிப் போனால் வீட்டில் கதவில்லை, யன்னல் இல்லை. பங்கர் மண் பாதி இறங்கியிருந்தது. அந்தச் சட்டங்கள் இரண்டும் கறள் பிடித்து, ஆனால் வளையாமல் கிடந்தன. அவ அதைக் காண இருக்கவில்லை. இடம்பெயர்ந்த இடத்திலேயே கண்ணை மூடிவிட்டா.

வாங்க விரும்புகிறவர்களுக்கு இரண்டு சொல். வார்ப்பு முடிச்சுகளில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும், ஒட்டுவதும் கஷ்டம். பழைய பெயின்ரில் ஈயம் இருக்கலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் உலர்வாகத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். அகலத்தையும் அளந்து பாருங்கள். இந்தக்கால மெத்தை எல்லாவற்றுக்கும் பொருந்தாது.

இங்கே இப்போது விற்கிற தூள்பலகைக் கட்டில் இரண்டுதரம் வீடு மாறினால் ஆணி பிடிக்காது. குப்பைக்குத்தான் போகும். நாங்களோ வீடு மாறி, ஊர் மாறி, நாடும் மாறிய சனம். கழற்றலாம், தூக்கலாம், வேறிடத்தில் பூட்டலாம், பழையபடி நிற்கும் என்றால் அது எங்களுக்கல்லவா முதலில் விளங்கவேணும்? வெள்ளைக்காரர் அதில் தங்கள் பூட்டியின் காலத்தைப் பார்க்கட்டும். நாங்கள் அதை ஆசுப்பத்திரிக் கட்டில் என்று சிரிப்பதை மட்டுமாவது நிற்பாட்டலாம்.