அம்பாங் பெச்சாவிலிருந்து ஊருக்கு ஓர் அழைப்பு

கோலாலம்பூருக்கு வடக்கே, உலு சிலாங்கூர் மாவட்டத்தில், கோல குபு பாருவை ஒட்டிய சிற்றூர் அம்பாங் பெச்சா. பிரேசர் மலைக்குப் போகும் தமிழ்நாட்டுப் பயணிகள் இந்த வட்டாரத்திலிருந்துதான் மலையேறுகிறார்கள். மேலே சிக்னல் கிடைக்காமல் போகலாம்; வீட்டுக்கு இங்கேயே பேசிவிடுவது நல்லது. இங்கே மாலை 7 மணி என்றால் ஊரில் 4.30. பாஸ்போர்ட்டைக் காட்டி வாங்கிய சிம் இருந்தால் வாட்ஸ்அப்பில் அம்மாவின் முகத்தையே பார்த்துப் பேசலாம். இதே வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் பலருக்கோ, தமிழ்நாட்டில் கூப்பிட ஓர் எண்கூட இல்லை. கடல் தூரம் உறவை அறுத்துவிட்டது என்று இதற்குக் காரணம் சொல்வது வழக்கம். அதை நான் ஏற்கவில்லை. அறுத்தவை கூலியும் சட்டமும் போரும்.

சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே கடலடித் தந்திக் கம்பி 1870-71லேயே வந்துவிட்டது. வணிகருக்கும் அரசுக்கும் செய்தி அன்றே கடலைத் தாண்டியது. ஆனால் தந்திக்குச் சொல்லுக்குச் சொல் காசு. 1920களின் இறுதியில்கூடத் தோட்டத்து ஆணின் நாள்கூலி 50 காசுதான், பெண்ணுக்கு 40. 1938இல் கூலி குறைக்கப்பட்டபோது, தொழிலாளர் மலாயாவுக்குப் போவதை இந்திய அரசு தடுத்தது. ஊரிலிருந்து புதிய ஆட்கள் வருவது நின்றது. அவர்களோடு வந்த ஊர்ச்செய்தியும் நின்றது. அடுத்து ஜப்பானியர் ஆட்சி. 1941 டிசம்பர் முதல் 1945 வரை அஞ்சலும் கப்பலும் முடங்கின. சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை போடும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தமிழர்களில் ஏராளமானோர் திரும்பவே இல்லை. ஊரின் பெயரும் உறவின் பெயரும் அவர்களோடு மறைந்தன.

கடிதம் இருந்ததே, கப்பல் இருந்ததே என்று கேட்கலாம். கடிதம் எழுத எழுத்தறிந்த இன்னொருவர் தயவு வேண்டும். மனைவிக்கோ தாய்க்கோ சொல்ல நினைத்ததை எல்லாம் அவர் முன்னால் சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டுக்கும் மலாயாவுக்கும் இடையே ரஜுலா என்ற பயணிகள் கப்பல் 1973 வரை ஓடியது உண்மை. அதற்குப் பின் வந்த சிதம்பரம் கப்பலின் பயணமும் 1985 தீவிபத்தோடு முடிந்தது. நம் ஊர்களில் ஐ.எஸ்.டி. பூத்துகள் பெருகியபோது, கப்பலேறிய தலைமுறையில் பலர் உயிரோடு இல்லை. மலேசியாவில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. முகவரிகள் அந்தப் பக்கமும் அழிந்தன.

அந்தப் பேரப்பிள்ளைகள் மலேசியர்கள், அவர்களுக்குத் தமிழ்நாட்டு எண் எதற்கு என்பது வலுவான கேள்வி. அவர்களின் ஊர் மலேசியாதான். ஓட்டும் பள்ளியும் அங்கேதான். அதை மறுக்கவில்லை. ஆனால் தாத்தா எந்தக் கிராமத்திலிருந்து போனார் என்று அறிய விரும்புகிறவருக்கு அந்த வழி அடைபட்டிருப்பது அநியாயம். அதைத் திறக்க உதவும் பெயர்கள் தமிழ்நாட்டு வீடுகளில் இன்னும் சில முதியவர்களின் நினைவில் இருக்கின்றன.

ஆகவே அம்பாங் பெச்சாவிலிருந்து வீட்டுக்குப் பேசும்போது, சாப்பிட்டாயா என்ற கேள்விக்குப் பதில் சொன்ன கையோடு, நம் குடும்பத்தில் மலாயாவுக்குக் கப்பலேறியவர் யார், எந்தத் தோட்டத்துக்குப் போனார் என்று பெரியவர்களிடம் கேளுங்கள். சொல்வதை அந்தக் கைப்பேசியிலேயே பதிவு செய்து வையுங்கள்.