தேசிங்கின் தோழனும் தாவீதின் தோழனும்

1714ஆம் ஆண்டில் தமிழ் மண்ணில் இரண்டு காரியங்கள் நடந்தன. செஞ்சியை ஆண்ட தேசிங்கு ராஜன், கப்பம் கட்ட மறுத்து, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சிறு கூட்டத்தோடு எதிர்த்துக் களத்தில் மாண்டான். அதே ஆண்டு தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க்கின் அச்சுக்கூடத்தில் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சாயின. மறு ஆண்டு புதிய ஏற்பாடு முழுமையாக வெளிவந்தது.

தேசிங்கின் கதையை யாரும் உடனே அச்சடிக்கவில்லை. பாட்டாகவும் கூத்தாகவும் ஊர் ஊராய்ப் போனது. பெரிய எழுத்துப் புத்தகமாகச் சந்தைக்கு வந்ததெல்லாம் பிற்பாடுதான். ஆனாலும் இன்றைக்கு எங்கள் ஊர்ப் பிள்ளை யாரையாவது நிறுத்திக் கேளுங்கள். டில்லியில் முரட்டுக் குதிரையை அடக்கியதில் தொடங்கிச் சொல்லிக்கொண்டே போகும். அச்சில் பிறந்த வேதாகமமோ ஜிப் வைத்த உறைக்குள் அலமாரியில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே வருகிறது.

ஞாயிறு பள்ளியில் பாடம் எடுப்பவள் என்பதால் இது என்னை உறுத்துகிறது. எங்களிடம் பிள்ளைகள் படிப்பது பெரும்பாலும் ஒப்பிப்பதற்குத்தான். மனப்பாட வசனம், வினாடி வினா, பரிசாக ஒரு டிபன் பாக்ஸ். பிளஸ் டூ முடித்துச் சென்னைக்கோ கோவைக்கோ போனதும், பரீட்சை முடிந்த பாடம்போல அதையும் மூடிவைத்துவிடுகிறார்கள். "பையன் சர்ச்சுக்கே போறதில்லைம்மா, ஜெபம் பண்ணுங்க" என்று தாய்மார்கள் வருந்துகிறார்கள். நம் நாட்டில் கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் நிரம்பித்தான் வழிகின்றன. தேவாலயங்கள் வெறிச்சோடும் ஐரோப்பாவின் நிலை நமக்கு வரவில்லை என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் சீகன்பால்க் படித்ததும், தரங்கம்பாடி அச்சுக்கூடத்துக்குத் தமிழ் எழுத்துகளை முதலில் வார்த்து அனுப்பியதும் ஜெர்மனியின் ஹாலே நகரம். அங்கேயே இன்று பெரும்பான்மையோர் எந்தச் சபையையும் சேராதவர்கள்.

போன வருடம் பெரிய பிள்ளைகளைச் செஞ்சிக் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். களஞ்சியத்து நிழலில் உட்கார்ந்து சாமுவேல் முதலாம் புத்தகம். சவுல் ராஜாவின் மகன் யோனத்தான் தன் சால்வையையும் வாளையும் வில்லையும் கச்சையையும் தாவீதுக்குக் கொடுத்த இடம் வந்தது. பாடப் புத்தகத்தின்படி 'உண்மை நட்பு' என்று எழுதவைத்துவிட்டு ஜெபத்தோடு முடிக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி விடவில்லை.

"அக்கா, தேசிங்கு கதையில மகபத்கான் கல்யாணத்தையே விட்டுட்டு சிநேகிதனுக்காகச் சண்டைக்கு வந்தான். யோனத்தான் ஏன் தாவீதுகூடப் போகாம அப்பாகூடவே இருந்தான்? கொல்லப் பார்க்கிற அப்பாகூட?"

"பெத்த அப்பாவை எப்படி விடுவான்?" என்றான் ஒரு பையன். "அப்போ சிநேகிதன்?" என்றாள் அவள்.

என் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. "தேடிப் பாருங்க" என்றேன். போனில் வேதாகமச் செயலி வைத்திருந்தவர்கள் அதைத் திறந்தார்கள். நான் சொல்லாமலே அதிகாரம் அதிகாரமாகத் தாண்டிப்போய், கில்போவா மலையில் தகப்பனும் மகனும் ஒரே போரில் மடிகிற இடம்வரை படித்துவிட்டார்கள். பிறகு தாவீது பாடிய புலம்பலுக்கும் போனார்கள். தன்னைத் துரத்திய சவுலுக்காகவும் தாவீது அழுதிருக்கிறானே என்று அந்தப் பையனுக்கு ஆச்சரியம். விவாதம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓயவில்லை.

இப்படிக் கதையைப் பற்றி வாதாட விடுவது புதிய உபாயம் ஒன்றும் இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) சுவிசேஷத்தைக் கீர்த்தனையாக்கிப் பாடினார். பெத்லகேம் குறவஞ்சி எழுதினார். தமிழன் கதையைக் காதால் வாங்கி, திண்ணையில் அதைப் பற்றி வழக்காடி, பிறகே மனத்தில் வைப்பவன் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நாம்தான் நடுவில் வழக்காடுவதை எடுத்துவிட்டு, நேரே மனத்தில் வை என்கிறோம். வேதாகமத்திலேயே யோபு கடவுளிடம் நியாயம் கேட்கிறார். ஆபிரகாம் சோதோமுக்காகப் பேரம் பேசுகிறார். பிள்ளை கேட்டால் மட்டும் "அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்கிறோம்.

அந்தப் பிள்ளைகள் நாளை விசுவாசிகளாக இருப்பார்களா என்பது என் கையில் இல்லை. அந்தப் புத்தகம் தங்களோடு பேசக்கூடியது என்று தெரிந்துகொண்டால் போதும், மற்றதை அவர்களும் ஆண்டவரும் பார்த்துக்கொள்ளட்டும். வரும் மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் (வி.பி.எஸ்.) வசனப் போட்டிக்குப் பதிலாக, ஒரு அதிகாரத்தைத் தன் சொந்த வார்த்தையில் சொல்லிச் சபையாரின் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லும் போட்டி வைக்கலாமே என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன். "வசனம் மறந்துபோகுமே" என்று பெரியவர்கள் தயங்குகிறார்கள். மறந்தால் என்ன? கதை நினைவில் இருக்கிறவனுக்கு வசனம் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடத் தெரியும்.