துணிக்கொடியைப் பார்த்து எழுதும் கணக்கு

சின்னக் குழந்தை இருக்கும் வீட்டைக் கதவைத் தட்டாமலே கண்டுபிடித்துவிடலாம். கொடியில் காயும் கையகலச் சட்டை, உத்திரத்துக் கொக்கியில் சேலைத் தூளி, வாசலில் உள்ளங்கை நீளச் செருப்பு. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் எங்களுக்குப் பதிவேட்டுக்கு முன்னால் கண்தான் பேசும்.

ஏனென்றால் ஆதாரில் உள்ள முகவரியில் குழந்தை இருக்கும் என்று சொல்ல முடியாது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் மூன்று மாதத்திலும் வரலாம், ஒரு வருடம் கழித்தும் வரலாம். அம்மா வேலைக்குப் போனால் பிள்ளை ஆயாவிடம், அடுத்த தெருவில். சென்னை மயிலாப்பூரின் பெரிய வீடுகள் சிலவற்றில் வயதானவர்கள் மட்டும் இருப்பார்கள். அதே வளாகத்தில் வாட்ச்மேன் அறையில் இரண்டு குழந்தைகள் இருக்கும். வியாசர்பாடிச் சந்துகளில் ஒரே அறையில் மூன்று. கட்டடம் எழும் இடங்களில் தகரக் கொட்டகைக்குள் ஒடியாவும் இந்தியும் பேசும் பிள்ளைகள். கட்டடம் முடிந்தால் கொட்டகை போகும், பிள்ளைகளும் போய்விடுவார்கள்.

கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களை அனுப்பியபோது குழந்தைகளும் கூடவே போனார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு இது இன்னும் வேகமாக நடந்தது. எட்டு மாடிக் குடியிருப்பில் லிப்ட் நின்ற நாளில், ஏழாம் மாடியிலிருந்து இரண்டு வயதுப் பிள்ளையைக் கீழே தூக்கி வர எந்தத் தாய்க்குத் தெம்பு இருக்கும்? தரைத்தளத்தில் அங்கன்வாடி மையம் இருந்தும் அந்தப் பிள்ளைக்கு அது தூரம்தான்.

400 முதல் 800 பேருக்கு ஒரு மையம் என்பது விதி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் ஆறு வயதைத் தாண்டாதவர். ஆனால் அது சராசரி. இளம் தம்பதிகள் நிறைந்த குடியிருப்பின் 800 பேரும் முதியவர்கள் நிறைந்த தெருவின் 800 பேரும் ஒன்றல்ல. தலையை எண்ணாமல் குழந்தையை எண்ணி மையம் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

போலியோ முகாமில் முகவரி கேட்பதில்லை. பேருந்து நிலையத்திலும் சொட்டு மருந்து கொடுத்து, சுண்டுவிரலில் மை வைத்து அனுப்புகிறோம். நாட்டில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாக ஒருவர் பாதிக்கப்பட்டது 2011 ஜனவரியில். பிள்ளை நிற்கும் இடத்துக்கே மருந்து போனதற்கு அந்த நோய் ஒழிந்ததில் பெரிய பங்கு உண்டு.

உங்கள் தெருவில் புதிதாகக் குடிவந்த வீட்டிலோ, பக்கத்துக் கட்டுமானத்திலோ கைக்குழந்தையைப் பார்த்தால் அருகிலுள்ள அங்கன்வாடியில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வாடகை ரசீது வேண்டாம், ரேஷன் கார்டு வேண்டாம். எந்த வீடு என்று சொன்னால் போதும். நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம்.