பரங்கிக்காய் பிரெட்: ஒரு சர்க்கரைக் கணக்கு

செப்டம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்கக் கடைகளில் எதைத் தொட்டாலும் பரங்கிக்காய் வாசனைதான். காபியில், பிஸ்கட்டில், மெழுகுவத்தியில்கூட. உண்மையில் அது காயின் வாசனையே இல்லை. பட்டை, சுக்கு, ஜாதிக்காய், கிராம்பு சேர்ந்த பொடியின் வாசனை. சொல்லிக்கொள்ளும்படி பரங்கிக்காய்க்கு மணம் ஏது?

நவம்பர் நான்காம் வியாழனன்று வரும் நன்றி நவிலல் நாள்வரை இந்த அமர்க்களம் ஓயாது. விருந்துக்கு வருபவர் கையில் நம் ஊர் வெற்றிலை பாக்குபோல ஒரு பரங்கிக்காய் பிரெட் இருக்கும். இதில் ஈஸ்ட் கிடையாது, சமையல் சோடாதான் உப்பவைக்கிறது. கூச்சப்படாமல் கேக் என்றே சொல்லிவிடலாம்.

அங்கே வீடுகளில் பரவலாகப் புழங்கும் செய்முறையில், இரண்டு பிரெட்டுக்கு மூன்று கப் சர்க்கரை, ஒரு கப் எண்ணெய். ஒரு கப் சர்க்கரை 200 கிராம். ஆக மொத்தம் 600. ஒரு பிரெட்டைப் பத்தாக வெட்டினால் துண்டுக்கு 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்புப்படி, நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்குச் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்கவேண்டும். இரண்டு துண்டிலேயே கணக்கு உதைக்கிறது. "காய்தானே" என்று மூன்றாவதை எடுப்பவர்களும் உண்டு.

நம்மவர்கள் இதற்குக் கண்ட வைத்தியம், அதே அளவு வெல்லம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெல்லத்துக்கு ருசி உண்டு, கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். வெல்லமே போடுங்கள், ஒரு பிரெட்டுக்கு 100 கிராம் போதும்.

அவ்வளவு குறைக்க முடிவது காயின் தயவால்தான். கேக்கில் சர்க்கரை இனிப்பதோடு நிற்பதில்லை, ஈரத்தையும் பிடித்துவைக்கிறது. அந்த வேலையில் ஒரு பங்கைப் பரங்கி விழுது எடுத்துக்கொள்ளும். எண்ணெயையும் குறைக்கலாம், அடியோடு நிறுத்தவேண்டாம். பரங்கியின் மஞ்சளுக்குக் காரணமான பீட்டா கரோட்டினை உடம்பு ஏற்கக் கொழுப்பு வேண்டும்.

ஹாலோவீனுக்கு முகம் செதுக்கும் பெரிய காயை வாங்காதீர்கள். வெறும் நாரும் நீரும்தான். அங்கே டின்னில் அடைப்பது பெரும்பாலும் இல்லினாய் மாநிலத்தில் விளையும் டிக்கின்சன் வகை. பட்டர்நட்டும் அதே இனம், நம் ஊரில் கீற்றுப் போட்டு விற்கும் பரங்கியில் பலவும் அதே இனம். எனவே இந்தியக் கடைத் துண்டு தாராளமாகப் போதும். தண்ணீரில் வேகவைக்காமல் அவனில் சுட்டெடுத்தால் நீர் வற்றி இனிப்பு ஏறும். டின்தான் என்றால் லேபிளைப் படியுங்கள். 'பை ஃபில்லிங்' என்றிருந்தால் சர்க்கரை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.

ஒரு கப் விழுது, வெல்லம், இரண்டு முட்டை, கால் கப் தயிர், மூன்றில் ஒரு கப் எண்ணெய் ஆகியவற்றை அடித்துக்கொள்ளுங்கள். 200 கிராம் முழுக்கோதுமை மாவில் ஒரு டீஸ்பூன் சோடா, உப்பு, பட்டை, சுக்குப் பொடி கலந்து அதில் சேருங்கள். தயிரின் புளிப்பு சோடாவைக் கிளப்பிவிடும். உலர்மாவு கண்ணுக்கு மறைந்ததும் கரண்டியை வைத்துவிடுங்கள். மேலும் கலக்கினால் பிரெட் இறுகிவிடும். 175 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரத்துக்குள் வெந்துவிடும். குச்சி சுத்தமாக வந்தால் எடுக்கலாம்.

சூட்டோடு வெட்டவேண்டாம், மறுநாள்தான் ருசி கூடும். துண்டுக்கு வெல்லம் பத்து கிராம்தான். இருந்தாலும் இது பலகாரம். காய்கறிக் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.