அமாவாசை இல்ல, பல்லு

புதன்கிழமை, தடுப்பூசி நாள். காடாம்புலியூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைக்குழந்தைகளின் அழுகை. பெஞ்சின் ஓரத்தில் ஓர் அம்மா. விரல் நுனிகள் கறுத்துத் தோலுரிந்திருக்கின்றன. முந்திரிக்கொட்டை உடைக்கிற கை. சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைத்தாலும் கொட்டையின் எண்ணெய் தோலைத் தின்றுவிடும். அந்தக் கையால் மகனின் மணிக்கட்டை இறுகப் பிடித்திருக்கிறாள். வாட்டசாட்டமான வாலிபன். பிடியை விட்டால் தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்கிறான். வலது கன்னத்தில் மட்டும்.

"மூணு நாளா இதே ஆட்டந்தாம்மா. சோறுகூட திங்கல. அமாவாசை வருதில்ல?"

பக்கத்தில் இருந்தவர்கள் குழந்தைகளை அணைத்தபடி நகர்ந்து உட்கார்கிறார்கள்.

செவிலியர் அவன் எதிரே குந்துகிறார். "தம்பி, உன் பேரென்ன?" அம்மா முந்திக்கொண்டு வாயெடுக்க, கையமர்த்துகிறார். அவ்வளவு கூட்டத்திலும் காத்திருக்கிறார். பேர் வருகிறது, பாதியாக.

டார்ச்சை அவன் முகத்தில் அடிக்கவில்லை. அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, தன் வாயைத் திறந்து காட்டுகிறார். அவன் உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்க்கிறான், சிரிக்கிறான். "இப்ப என் முறை." அவனும் ஆவென்கிறான். வலப்பக்கக் கடைவாயில் சொத்தை, ஈறு வீங்கிக் கிடக்கிறது.

"அக்கா, அமாவாசை இல்ல. பல்லு."

டாக்டர் வந்து பார்த்து, மாத்திரையும் பண்ருட்டி ஜி.எச்.சுக்குச் சீட்டும் எழுதுகிறார்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு எது வந்தாலும் அதைக் குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். படித்தவர்களும் இதற்கு விலக்கல்ல. பிரிட்டனில் செவிலியர் படிப்பின் நான்கு பிரிவுகளில் ஒன்று இவர்களுக்கென்றே இருக்கிறது. இங்கே அப்படித் தனிப் பிரிவு கிடையாது. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது, பதினெட்டு வயது வரை. அதைத் தாண்டியவனைத் தேடி யார் வருவார்? இந்த டார்ச் வித்தையை அந்தச் செவிலியர் எங்கே படித்தாரோ, பாடப்புத்தகத்தில் இருக்காது.

"அட்டை வாங்கிட்டீங்களாக்கா?"

"எந்த அட்டை?"

தடுப்பூசி வரிசை முணுமுணுக்க, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, கடலூரில் மாவட்ட அலுவலகம், மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை என ஒவ்வொன்றாகச் சொல்லி, மருந்துச் சீட்டின் பின்பக்கம் எழுதித் தருகிறார். அம்மா அதை மடித்து முந்தானையில் முடிந்துகொள்கிறாள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ பேச்சு வராத ஒருவர் திடீரென்று தன்னைத் தானே அடித்துக்கொண்டால், கோடங்கியிடம் ஓடுமுன் வாயையும் காதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.